தொட்டிக்கு மூன்று வேளை மருந்து

எங்கள் அப்பா காபியை விட்டுவிட்டார். ஒரு திங்கட்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து நின்று, கட்சியை விட்டு விலகும் தலைவர் மாதிரி அறிவித்தார்.

"இன்றோடு எனக்கும் காபிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை!"

"ரொம்ப சந்தோஷம். அப்ப கையில இருக்கிற கப்பைக் கீழ வைங்க" என்றாள் அம்மா.

வைத்தார். வைப்பதற்குள் இரண்டு வாய் குறைந்திருந்தது.

இந்த வீர முடிவு அவராக எடுத்ததில்லை. எடுக்க வைத்தது. அப்பா ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கறுப்புப் பை, டை, முகம் பார்த்துத் தலை சீவும் அளவுக்குப் பளபளக்கும் ஷூ. கிளினிக் கிளினிக்காகப் போய் வரிசையில் உட்கார்ந்திருப்பார். டாக்டர் மணி அடித்ததும் உள்ளே ஓடி, ஒரே மூச்சில் ஒப்பிப்பார். அந்தக் குரல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் மேலே தூக்கினால் அப்பா வந்துவிடுவார்: "டாக்டர், வயித்துல எரியறது அமிலம்! நம்ம மருந்து காரம்! ரெண்டும் சேர்ந்தா என்ன டாக்டர்? நடுநிலை! எரியற வீட்டுக்கு ஏ.சி. போட்ட மாதிரி டாக்டர்!" இப்படி வீட்டில் எல்லோர் குரலையும் எடுப்பதால்தான் எனக்கு 'டேப்பு' என்று பெயர்.

ஊர் வயிற்றுக்கெல்லாம் ஏ.சி. போட்ட மனிதருக்குத் தன் வயிற்றில் தீ. கிளினிக்கில் காத்திருக்கும் நேரமெல்லாம் மூலையிலிருக்கும் இயந்திரத்தில் காபி பிடித்துக் குடித்த பலன். மருந்து விற்கப் போன டாக்டரிடமே நோயாளியாகப் போய்ப் படுத்தார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு அப்பாவின் பையைத் திறந்து, அப்பாவின் மருந்தை எடுத்து, அப்பாவிடமே நீட்டினார்.

"மூணு வேளை குடிங்க. காபி கூடவே கூடாது."

அப்பாவுக்கு அழுகை வந்துவிட்டதாம். காபிக்காக மட்டுமில்லை. அந்த மருந்தை அவர் அதுவரை விற்றிருக்கிறாரே தவிர, வாயில் வைத்ததில்லை. அன்று வைத்தார். "கரும்பலகையைக் கழுவின தண்ணியில பெப்பர்மின்ட் விழுந்து செத்துப்போன மாதிரி இருக்கு" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தபால் அலுவலகத்தில் பார்சல் கவுன்டர். "வெறும் துணிதான் மேடம்" என்று யாராவது பார்சலை நீட்டினால், பார்சலைப் பார்க்க மாட்டாள், முகத்தைத்தான் பார்ப்பாள். "பாட்டிலை வெளிய எடுத்து வைங்க சார்." எடுத்து வைப்பார்கள். அப்படிப்பட்டவள் அன்று காலை அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க மருந்து குடிக்கலேன்னு ஒரு நாள் தெரிஞ்சாலும் போதும். லீவு போட்டுட்டு உங்ககூடவே கிளம்பிடுவேன். ஒவ்வொரு டாக்டர் முன்னாடியும் நானே ஸ்பூன்ல ஊத்தி, ஆ காட்டுங்கன்னு சொல்லி ஊட்டி விடுவேன்."

அப்பாவின் முகம் வெளிறியது. மனைவி ஊட்டினால்தான் தன் மருந்தையே குடிக்கிறவர் என்று பெயர் வாங்கிய பிரதிநிதியிடம் எந்த டாக்டர் மருந்து வாங்குவார்? வேலை போச்சு. மானம் அதற்கு முன்னாலேயே போச்சு.

"குடிக்கறேன்மா. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லை" என்றாள் அம்மா, சாதாரணமாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேதியியல் டியூஷன். வாரம் தவறாமல் அப்பாதான் எடுப்பார். என் புத்தகத்தில் அப்போது அமிலமும் காரமும். அப்பாவுக்குச் சொந்தப் பேட்டை. விடுவாரா?

"எலுமிச்சை அமிலம். வினிகர் அமிலம். காபி அமிலம். சோப்பு காரம், சமையல் சோடா காரம், என் மருந்து காரம். எப்படிக் கண்டுபிடிக்கறது? லிட்மஸ்! அமிலம்னா சிவப்பு. காரம்னா நீலம். சொல்லு!"

"அமிலம்னா சிவப்பு, காரம்னா நீலம்" என்றேன், அவர் குரலிலேயே.

"என்னைக் கிண்டல் பண்ணாதே. மறுபடி சொல்லு!"

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள். "என்னங்க, எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளு, கேளு." அப்பாவுக்கு ஒரே குஷி. அம்மா அவரிடம் சந்தேகம் கேட்பது சூரிய கிரகணம் மாதிரி.

"டாக்டர் காரம் ஆகாதுன்னாரு. நீங்க மருந்தே காரம்ங்கறீங்க. அப்ப எதைத்தான் நம்பறது?"

"ஐயோ, அது மிளகாக் காரம்மா! இது வேதியியல் காரம்!"

"ஓஹோ. ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும், அமிலமும் காரமும்?"

"ஒண்ணை ஒண்ணு அடக்கிடும். கடைசியில உப்பும் தண்ணியும்தான் மிஞ்சும்."

"கல்யாணம் மாதிரி" என்றாள் அம்மா. "உப்பும் தண்ணியும் கண்ணுல வரும்."

நான் சிரித்ததற்குத் தண்டனையாக லிட்மஸ் விதியை நூறு முறை எழுதச் சொன்னார்.

இப்போது தொட்டிக்கு வருவோம். எங்கள் பால்கனியில் அம்மா ஒரு ஹைட்ராஞ்சியா வைத்திருந்தாள். குட்டிக் குட்டிப் பூவாகச் சேர்ந்து, முட்டைக்கோஸ் அளவுக்கு ஒரே உருண்டையாகப் பூக்குமே, அந்தச் செடி. அம்மா செடி வளர்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் பூ நல்ல நீலம். அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் ஏனோ சுருங்கியது. நர்சரிக்குப் போய்விட்டு வந்தாள். வந்தவள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து என்ன ஆயிற்றோ, திடீரென்று அந்த நீலத்தின் மேல் அப்படி ஒரு பாசம். "என் நீலக் கண்ணு, என் ராசா" என்று தினமும் செடியோடு கொஞ்சல். அப்பாவைக்கூட அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அந்த இரண்டு நாளில்தான் அப்பா தன் வழியைக் கண்டுபிடித்திருந்தார். மருந்தை மூடியில் ஊற்றுவார். "வெளிக் காத்துல குடிச்சாதான் இறங்குது" என்று பால்கனிக்குப் போவார். கழுத்தை அண்ணாந்து, தொண்டையில் 'களுக்' என்று ஒரு சத்தம். அடேயப்பா, என்ன நடிப்பு! மருந்து முழுசும் தொட்டிக்குள். திரும்பி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டே வருவார், உதட்டில் ஒரு சொட்டு வெள்ளை வேறு தொட்டு வைத்துக்கொண்டு.

ஜன்னல் வழியாக நான் பார்த்துவிட்டேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

"டேப்பு."

"சொல்லுங்கப்பா."

"உனக்கு ஞாயித்துக்கிழமை டியூஷன் ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

"ரொம்ப."

"நிறுத்திடலாமா?"

"நான் எதையும் பார்க்கலப்பா" என்றேன். அமிலத்துக்கும் காரத்துக்கும் நடுவில் யாராவது நடுநிலையாக இருக்க வேண்டுமே.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அப்பா மருந்து குடிக்கவில்லை. வெளியே காபியை விடவில்லை. ஆகவே எரிச்சல் குறையவில்லை. எரிச்சல் குறையாததால் டாக்டர் அளவைக் கூட்டினார். அளவு கூடக் கூடத் தொட்டிக்குக் கொண்டாட்டம். வீட்டில் வேளை தவறாமல் மருந்து சாப்பிட்டு ஆரோக்கியமாக இருந்தது அந்தச் செடி ஒன்றுதான்.

பழைய பூ வாடி, புது மொட்டு விட்டது. ஒரு நாள் காலை பால்கனியிலிருந்து அம்மாவின் அலறல்.

"ஐயய்யோ! என் நீலக் கண்ணு!"

ஓடினோம். பூ ரோஸ் கலரில் இருந்தது. வெட்கப்பட்ட மாதிரி.

"யாரு பண்ணின வேலைங்க இது? யாரோ என் தொட்டியில எதையோ ஊத்தியிருக்காங்க!"

அப்பா தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"இரு, இரு. அறிவியல் பூர்வமா யோசிப்போம்" என்று அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனத்துக்குள் ஓடியதை என்னால் வார்த்தைக்கு வார்த்தை சொல்ல முடியும்: 'நான் ஊத்தினது காரம். காரம்னா நீலம். இது சிவந்து போயிருக்கு. சிவப்புன்னா அமிலம். அப்படின்னா இது நான் பண்ணினது இல்லை! அப்பாடா!'

"அமிலம்!" என்று அறிவித்தார். "எவனோ அமிலம் ஊத்தறான்!" நிமிர்ந்து மேல் வீட்டுப் பால்கனியைப் பார்த்தார். அங்கே ஸ்பீக்கர் மாமா ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் வந்த காரணம் அவர் வாயைத் திறந்ததும் உங்களுக்கே புரியும்.

"சார்! அது என்ன தண்ணி சார்?"

"என்ன சார்?" முழுக் கட்டடமும் எழுந்து உட்கார்ந்தது. "தண்ணியா? வினிகர் சார்! வினிகர் கலந்த தண்ணி! கண்ணாடி பளிச்சுனு இருக்கும் சார்!"

"பிடிச்சேன்!" என்றார் அப்பா அம்மாவிடம். "வினிகர் அமிலம். சொட்டுச் சொட்டா உன் தொட்டியில விழுது." மேலே பார்த்து, "சார், உங்க அமிலம் எங்க பூவைக் கெடுக்குது சார்!"

"உங்க பூவா? என் வினிகர் என் ஜன்னலைத் தாண்டாது சார்!"

"தாண்டுது சார்!"

"உங்க வயித்து எரிச்சல்ல என் மேல எரிஞ்சு விழறீங்க சார்! முதல்ல அந்தக் காபியை நிறுத்துங்க சார்! நேத்து முக்குக் கடையில ரெண்டு கப்பு ஒண்ணு மேல ஒண்ணா..."

"சார்! சார்! மெதுவா சார்!"

"மெதுவாத்தான் சார் பேசறேன்!"

அப்பா பால்கனியிலிருந்து உள்ளே பாய்ந்து வந்துவிட்டார். "அவரு வேற யாரையோ பார்த்திருக்கார்மா. கண்ணு சரியில்லை மனுஷனுக்கு."

"பாவம்" என்றாள் அம்மா. "வயசாகுதில்ல."

அப்பாவுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. ஏனென்றால் அம்மா சண்டை போடாமல் ஒன்றை விட்டால் அது மறந்ததாக அர்த்தமில்லை. கவுன்டரில் பார்சலைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் அம்மா ஒரு மூக்குறிஞ்சலோடு சொன்னாள்: "என்னங்க, எனக்கு வேற எதுவும் வேண்டாம். அந்தப் பூவை மறுபடி நீலமா மாத்திக் கொடுத்துடுங்க. கொடுத்தீங்கன்னா..."

"கொடுத்தேன்னா?"

"தினம் ஒரு கப் காபி. என் கையாலயே போட்டுத் தர்றேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அப்பாவின் கண்ணில் தெரிந்த ஒளியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை.

"அவ்வளவுதானே? சிவந்தா அமிலம். அமிலத்தை அடக்க என்ன ஊத்தணும்?"

"தெரியலையேங்க" என்றாள் அம்மா.

"காரம்! காரம் ஊத்தினா நீலம்! விட்டுடு, இது என் பொறுப்பு."

மறுநாளிலிருந்து அப்பாவின் பையில் இருந்த சாம்பிள் பாட்டில்களெல்லாம் வீட்டுக்கு வரத் தொடங்கின. டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டியவை. எல்லாம் தொட்டிக்கு. காலையில் ஒரு முறை, வேலைக்குக் கிளம்பும்போது ஒரு முறை, வந்ததும் டை அவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு முறை. இப்போது ஒளிந்து ஊற்ற வேண்டியதுகூட இல்லை. அம்மாவே தட்டில் வைத்து எடுத்துக் கொடுத்தாள். "வேர் பக்கமா ஊத்துங்க. இன்னும் கொஞ்சம். அந்தப் பக்கமும்." ஒரு நாள் சமையல் சோடாவும் கரைத்து ஊற்றினார்.

பூ என்ன செய்தது? ரோஸ் நிறம் இன்னும் அடர்த்தியாயிற்று. அடுத்த பூ அதைவிட அடர்த்தி.

"மேல் வீட்டுக்காரன் வினிகரை அதிகமாக்கிட்டான்" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு. "பாட்டிலுக்குப் பாட்டில் போட்டி!"

இந்த நேரத்தில்தான், ஒரு வகுப்புத் தேர்வுக்காக, பாவம் பார்த்து நானே புத்தகத்தைத் திறந்தேன். பாடத்தின் ஓரத்தில், யாரும் படிக்காத ஒரு சின்னக் கட்டம். ஹைட்ராஞ்சியா என்ற செடியின் பூ, மண் அமிலமாக இருந்தால் நீலமாகவும், காரமாக இருந்தால் ரோஸாகவும் பூக்கும் என்று போட்டிருந்தது. லிட்மஸுக்கு நேர் எதிர்! நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, நீங்க ஊத்த ஊத்தத்தான் சிவக்குது. இங்க பாருங்க..."

"டேப்பு." அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "ஊர்ல இருக்கிற அத்தனை டாக்டருக்கும் அமிலத்தைப் பத்திப் பாடம் எடுக்கறவன் நான். எனக்கு நீ எடுக்கறியா?"

"நான் இல்லப்பா, புத்தகம்..."

"உனக்கு மறுபடி டியூஷன் வேணுமா?"

புத்தகத்தை மூடிவிட்டேன். கல்வி எனக்கு முக்கியம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதைவிட முக்கியம்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை. அப்பா சோபாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். அன்று முக்குக் கடையில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. ஏப்பம் ஒவ்வொன்றும் தீப்பெட்டி உரசுகிற மாதிரி வந்தது. அம்மா ஒரு கரண்டியையும் பிளாஸ்டிக் பையையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குக் கிளம்பினாள்.

"என்னம்மா பண்ற?"

"தொட்டி மண்ணுல கொஞ்சம் எடுக்கறேன். கவுன்டருக்கு வர்ற ஒருத்தர் மண் பரிசோதனைக் கூடத்துல இருக்கார். ஒரு கைப்பிடி கொண்டு வாங்க, உள்ள என்னென்ன கலந்திருக்குன்னு பிட்டுப் பிட்டு வெச்சிடறேன்னார்."

அப்பா நிமிர்ந்தார். "என்னென்னன்னா?"

"மருந்து கிருந்து ஏதாவது இருந்தா, என்ன மருந்து, எவ்வளவு நாளா ஊத்தியிருக்கு, எல்லாம் சொல்லிடுவாராம்."

"எவ்வளவு நாளாங்கறது கூடவா?"

"அறிவியல் வளர்ந்துடுச்சுங்க."

அப்பாவின் முகத்தில் அந்தக் காட்சி ஓடியதை நான் நேரில் பார்த்தேன்: கிளினிக், வரிசை, டாக்டர், பக்கத்தில் அம்மா, கையில் ஸ்பூன், ஆ காட்டுங்க. ஒரு பெரிய ஏப்பம் விட்டார். உண்மையும் அதோடு வெளியே வந்துவிட்டது.

"மண்ணை எடுக்காதே. நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"மருந்தை நான் குடிக்கவே இல்லை. முதல் நாள்லேர்ந்து எல்லாம் அந்தத் தொட்டியிலதான். முக்குக் கடையில காபியும் குடிச்சேன். ஸ்பீக்கர் சார் பாவம், அவரு கண்ணு நல்லாத்தான் இருக்கு. என்னை மன்னிச்சுடு. ஆனா பூ சிவந்ததுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை, நான் ஊத்தினது காரம்!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"ரெண்டாம் நாளே பார்த்தேன். தொட்டி விளிம்புல வெள்ளைக் கோடு. மண்ணுல பெப்பர்மின்ட் வாசனை. எந்த ஊர் மண்ணுக்குங்க பெப்பர்மின்ட் வாசனை வரும்?"

"தெரிஞ்சும் ஏன் கேட்கல?"

"கேட்டா ஊத்தறதை நிறுத்திடுவீங்களே."

அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"நான் ரோஸ் கலர் பூன்னு கேட்டுத்தாங்க அந்தச் செடியை வாங்கினேன். நீலமா பூத்திடுச்சு. நர்சரியில போய்ச் சண்டை போட்டேன். செடி மேல தப்பில்லம்மா, உங்க மண்ணு அமிலம், சுண்ணாம்பு மாதிரி ஏதாவது காரம் தினம் போட்டுட்டே இருங்க, ரோஸாயிடும்னாங்க. தினம் யாரு அதை ஞாபகம் வெச்சுப் போடறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சுட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா நீங்க வேளை தவறாம போட்டுட்டிருக்கீங்க."

"அப்ப அந்த 'நீலக் கண்ணு'?"

"உங்களுக்குப் பயம் வேணுமில்ல?"

"அப்ப நீலமா மாத்தினா காபின்னது?"

"உங்களுக்கு ஆசை வேணுமில்ல?"

நான் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தேன். "டேப்பு" என்றாள் அம்மா, திரும்பாமலே. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. டியூஷன் உண்டு. போன வாரங்களுக்கும் சேர்த்து."

அப்பா மெல்ல நிமிர்ந்தார். விற்பனைப் பிரதிநிதி இல்லையா, கதவை மூடினாலும் ஜன்னல் வழியாகப் பேசுவார்.

"சரிம்மா. நான் தோத்தேன். ஆனா நீ வாக்குக் கொடுத்திருக்கே. நீலமா பூக்க வெச்சா தினம் ஒரு கப் காபி. இப்ப எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, அமிலம்தான் ஊத்தணும். வாக்கு வாக்குதானே?"

"வாக்கு வாக்குதாங்க. அதுக்காகவே நேத்து பால்கனியில இன்னொரு செடி வாங்கி வெச்சேன். ரோஸுக்குப் பக்கத்துல ஒரு நீலம் இருந்தா எடுப்பா இருக்கும்."

"அப்ப காபி?"

"தினம் ஒரு கப். சொன்னா சொன்னதுதான்."

எழுந்து சமையலறைக்குப் போனாள். பால் கொதிக்கிற சத்தம் இல்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. அடேயப்பா, என்ன வாசனை! பாலில்லாத, சர்க்கரையில்லாத, கெட்டியான கறுப்புக் காபி. அம்மா ஒரு கையில் ஆவி பறக்கும் கப்போடும் மறு கையில் ஒரு ஸ்பூன் வெள்ளை மருந்தோடும் வந்தாள்.

"முதல்ல இது. ஆ காட்டுங்க."

அப்பா காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இந்த முறை 'களுக்' சத்தம் நிஜம். உடம்பு ஒரு முறை குலுங்கியது. ஆனால் பரவாயில்லை, காபி இருக்கிறதே. இரண்டு கையாலும் கப்பை வாங்கினார். கண்ணில் நீர் கட்டியது. மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, உதட்டருகே கொண்டுபோனார்.

அம்மா பதறிப்போய் அவர் கையைப் பிடித்துப் புதுத் தொட்டியின் பக்கம் திருப்பினாள்.

"கொஞ்சம் ஆறட்டுங்க. சூடா ஊத்தினா வேர் வெந்துடும்."